சாதி, இனம், இணையச் சமூகம்: மெரிடித் கிளார்க்கின் ஆய்வும் அரியலூர், பெரம்பலூர் நிகழ்வுகளும்

மெரிடித் டி. கிளார்க் அமெரிக்காவைச் சேர்ந்த ஊடகவியல் ஆய்வாளர். நாளிதழ் செய்தியாளராக இருந்து ஆய்வுத்துறைக்கு வந்தவர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ட்விட்டரில் உருவாக்கிய, 'பிளாக் ட்விட்டர்' என்று அழைக்கப்பட்ட இணையச் சமூகத்தை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். அவருடைய ஆய்வு இனம் பற்றியது. தமிழ்நாட்டில் கைபேசி வழியாகச் சாதி இயங்கும் விதத்தைப் புரிந்துகொள்ளவும் அது உதவும். இக்கட்டுரை அவருடைய கருத்துகளைச் சுருக்கமாக அறிமுகப்படுத்துகிறது. பிறகு அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் 2017லும் 2019லும் நடந்த இரு நிகழ்வுகளை அவற்றைக் கொண்டு விளக்குகிறது.

செய்தியறையிலிருந்து ஆய்வுக்கு

கிளார்க் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பழைய கல்வி நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. அம்மாநிலத் தலைநகரிலிருந்து வெளிவரும் டலஹாசி டெமாக்ரட் உள்ளிட்ட நாளிதழ்களில் பணியாற்றினார். 2014இல் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேட்டின் பொருள் பிளாக் ட்விட்டர்.

ஆய்வேட்டின் தலைப்பு ஒரு பழைய இதழை நினைவூட்டுவதாக அமைந்தது. 1827 மார்ச்சில் நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷ், ஜான் ரஸ்வர்ம் ஆகியோர் தொடங்கிய 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்திய முதல் செய்தித்தாள். தம்மைப் பற்றிப் பிறர் எழுதும் நிலையை மாற்றித் தாமே எழுதவேண்டும் என்பது அதன் நோக்கம். ட்விட்டரில் நடப்பதும் அந்த நீண்ட மரபின் தொடர்ச்சியே என்று கிளார்க் கருதினார். இணையம் இந்தத் தேவையை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த தேவைக்குப் புதிய கருவி ஒன்று கிடைத்தது.

அவர் ஆய்வைத் தொடங்கிய காலம் முக்கியமானது. 2012 பிப்ரவரியில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுச் சிறுவன் ஃபுளோரிடாவில் சுட்டுக் கொல்லப்பட்டான். 2014 ஆகஸ்டில் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்டார். பிரவுன் இறந்த சில நாள்களில் கறுப்பின இளைஞர்கள் ஒரு ஹேஷ்டேக்கின் கீழ்த் தங்கள் படங்களை இரண்டிரண்டாக வெளியிட்டனர். ஒன்று பட்டமளிப்பு உடையிலோ ராணுவச் சீருடையிலோ எடுத்தது. மற்றது நண்பர்களோடு விளையாட்டாக எடுத்தது. நாளை நான் கொல்லப்பட்டால் ஊடகங்கள் இவற்றுள் எந்தப் படத்தை வெளியிடும் என்பதே கேள்வி. கொலையைப் பற்றியும் அவர்களுக்குக் கோபம் இருந்தது. ஆனால் இந்தக் கேள்வியில் அவர்கள் விசாரித்தது செய்தித்தாளை. செய்தியறையில் இருந்து வந்த ஒருவர் இந்த வேறுபாட்டை எளிதில் கண்டுகொள்வார்.

கிளார்க் முன்வைத்த விளக்கம்

பிளாக் ட்விட்டர் என்பது தனிச் செயலியும் அல்ல, தனித் தளமும் அல்ல. எல்லாரும் பயன்படுத்திய அதே ட்விட்டருக்குள் மொழி, நகைச்சுவை, பகிர்ந்துகொண்ட அனுபவம் ஆகியவற்றால் இணைந்தவர்களின் வலை அது. 2014 ஜனவரியில் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் இணையம் பயன்படுத்தும் கறுப்பினத்தவரில் 22 சதவீதத்தினரும் வெள்ளையினத்தவரில் 16 சதவீதத்தினரும் ட்விட்டரில் இருந்தனர்.

இந்த வலை மூன்று நிலைகளில் பின்னப்பட்டது என்கிறார் கிளார்க். முதல் நிலை தனிப்பட்ட வட்டம்: உறவினர், உடன் படித்தவர், உடன் வேலை செய்பவர். இரண்டாவது, பொருள் சார்ந்த கணுக்கள்: ஒரு தொடர், ஒரு பாடகர், ஒரு வழக்கு ஆகியவற்றைச் சுற்றித் திரள்பவர்கள். மூன்றாவது, இவையெல்லாம் வெட்டிக்கொள்ளும் பெருவலை. ஒரு பெரிய நிகழ்வு நடக்கும்போது மட்டுமே இந்தப் பெருவலை வெளியாருக்குத் தெரிகிறது. மற்ற நாள்களில் அது அன்றாடப் பேச்சாக, கேலியாக, நலம் விசாரிப்பாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று எழுந்த கூட்டம் என்று பத்திரிகைகள் எழுதுவது இதனால்தான். கூட்டம் திடீரென்று எழவில்லை. ஏற்கெனவே இருந்தது, அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஒருவர் இச்சமூகத்தில் பங்கேற்பதை ஆறு படிகளாகவும் அவர் விவரிக்கிறார்.

1. தானே முன்வந்து தன்னை இதில் ஒருவராகக் கருதுதல்.
2. பேச்சாலும் குறியீட்டாலும் அடையாளம் காட்டுதல்.
3. உரையாடலில் பங்கேற்றல்.
4. மற்றவர்களிடமிருந்து ஒப்புதல் பெறுதல்.
5. அந்த ஒப்புதல் திரைக்கு வெளியிலும் உறுதிப்படுதல்.
6. தாம் சொன்னது நியாயம் என்பது நடைமுறை உலகில் ஏற்படும் விளைவால் நிலைபெறுதல்.

ஆறாவது படியே மற்ற ஐந்துக்கும் பொருள் தருகிறது. திரையில் எவ்வளவு பேசினாலும் வெளியே ஒரு விசாரணை, ஒரு மன்னிப்பு, ஒரு சட்டத்திருத்தம் நிகழாவிட்டால் அச்சமூகம் தன் வேலை முடிந்ததாகக் கருதுவதில்லை.

2016இல் டீன் ஃப்ரீலான், சார்ல்டன் மெக்கில்வெய்ன் ஆகியோருடன் சேர்ந்து கிளார்க் ஓர் அறிக்கை வெளியிட்டார். 2014 ஜூன் முதல் 2015 மே வரையிலான சுமார் 4.08 கோடி ட்வீட்டுகளை அது ஆராய்ந்தது. அதோடு நிற்காமல் 40 பேரை நேர்காணலும் கண்டது. எண்ணிக்கை ஒரு செய்தி எவ்வளவு பரவியது என்று காட்டும். ஏன் பகிர்ந்தாய் என்ற கேள்விக்கு அதைப் பகிர்ந்தவரிடம்தான் விடை கிடைக்கும்.

இனமும் சாதியும்

அமெரிக்க இனப்பாகுபாட்டையும் இந்தியச் சாதியையும் ஒப்பிடுவது புதிதல்ல. 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையில் கறுப்பினத்தவர் அளித்த மனுவைப் பற்றி அதில் விசாரித்திருந்தார். 2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் சேர்க்கவேண்டுமா என்பது பெரும் விவாதமானது. 2020இல் 'காஸ்ட்' என்ற நூலில் அமெரிக்க இனப்பாகுபாட்டைச் சாதி என்ற சொல்லாலேயே விளக்கிய இசபெல் வில்கர்சனும் செய்தியாளராக இருந்தவர்தான்.

ஆனால் இணையத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோல இயங்குவதில்லை. நிறம் படத்தில் தெரிந்துவிடும். சாதி அப்படித் தெரியாது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் பெரிதும் குறைந்துவிட்டதால், பெயரும் எதையும் சொல்லாது. ஆகவே சாதியை அறிய ஊர்ப்பெயர், தெருப்பெயர், முகப்புப் படத்தில் உள்ள தலைவர், கையில் கட்டிய கயிற்றின் நிறம், வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கர், பாட்டின் ஒரு வரி எனக் குறிகள் தேவைப்படுகின்றன. கிளார்க் சொல்லும் இரண்டாம் படியாகிய அடையாளம் காட்டுதல் இங்கே கூடுதல் கனம் பெறுகிறது. குறி தெரிந்தவருக்கு மட்டுமே செய்தி புரியும்.

இன்னொரு வேறுபாடு கருவியில் உள்ளது. பிளாக் ட்விட்டர் பொதுவெளியில் இயங்கியது. யாரும் படிக்கலாம், எண்ணலாம், சேமிக்கலாம். தமிழக ஊர்களில் பெருமளவு பேச்சு நடப்பது வாட்ஸ்அப் குழுக்களில். அவை மூடியவை. குழுவில் இல்லாதவருக்கு ஒன்றும் தெரியாது. அங்கே பரவும் ஒலிப்பதிவை யார் முதலில் அனுப்பினார் என்பதும் எளிதில் புலப்படாது.

இணையத்துக்கு முந்தைய தமிழ் இதழ்கள்

அமெரிக்காவுக்கு 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' போலத் தமிழுக்கும் முன்னோடிகள் உண்டு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாக வழங்கப்பட்ட பெயரையே இதழின் பெயராக்கியது அதன் சிறப்பு. 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1920 ஜனவரி 31இல் அம்பேத்கரின் மராத்தி இதழான 'மூக்நாயக்' வெளிவந்தது. இவர்கள் மூவரும் இதழாளர்களாகவும் தம் சமூகத்தைப் பற்றிச் சிந்தித்து எழுதியவர்களாகவும் ஒரே நேரத்தில் விளங்கினர்.

பின்னாளில் இந்தியாவின் முதன்மைச் செய்தியறைகளில் இந்த மரபுக்கு இடம் கிடைத்ததா? 1996இல் பி. என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் செய்தியாளரைத் தேடி, ஒருவரையும் காணாமல் அதைக் கட்டுரையாக எழுதினார். 2006இல் டெல்லியில் 37 ஊடக நிறுவனங்களின் 315 முடிவெடுக்கும் பொறுப்பாளர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் ஒருவர்கூடப் பட்டியல் சாதி, பழங்குடியினராக இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட அறிக்கை 121 தலைமைப் பொறுப்புகளைப் பார்த்தது. 106 பொறுப்புகள் உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதி, பழங்குடியினர் யாரும் இல்லை.

கிளார்க்கும் இத்தகைய கணக்கெடுப்பை அமெரிக்காவில் பொறுப்பேற்று நடத்தினார். 2018இல் அந்நாட்டுச் செய்தியாசிரியர் சங்கத்தின் பன்முகத்தன்மைக் கணக்கெடுப்புக்குச் சுமார் 1,700 செய்தி நிறுவனங்களில் 293 மட்டுமே விடையளித்தன. தம்மிடம் யார் வேலை செய்கிறார்கள் என்று சொல்லவே பெரும்பாலான நிறுவனங்கள் முன்வரவில்லை.

வட்டாரப் பின்னணி

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001இல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும் அரியலூரில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். பட்டியல் சாதியினரின் பங்கு பெரம்பலூரில் சுமார் 31 சதவீதம், அரியலூரில் சுமார் 23 சதவீதம். பருத்தி, மக்காச்சோளம், முந்திரி ஆகிய பயிர்களும் சிமெண்ட் ஆலைகளும் கொண்ட பகுதி இது. பல கிராமங்களில் ஊரும் காலனியும் தனித்தனியே அமைந்திருக்கின்றன. இணையக் குழுக்கள் இந்தப் பிரிவினையின் மேல்தான் அமைகின்றன.

குழுமூர், 2017

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தைச் சேர்ந்தது குழுமூர். அவ்வூரின் தலித் குடும்பத்தில் பிறந்த அனிதா, சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். 2017 பிளஸ் டூ தேர்வில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றார். பழைய முறையில் மருத்துவ இடம் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பெண் அது. நீட் தேர்வில் அவர் பெற்றது 720க்கு 86. தமிழகத்துக்கு விலக்கு கேட்ட விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது அனிதாவும் வழக்கில் தன்னை இணைத்துக்கொண்டார். ஆகஸ்ட் 22இல் நீட் அடிப்படையிலேயே சேர்க்கை நடத்த நீதிமன்றம் ஆணையிட்டது. செப்டம்பர் 1இல் அனிதா தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னைக் கடற்கரையில் இளைஞர்கள் திரண்டிருந்தனர். ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வழியாக ஆளைத் திரட்டிய அனுபவம் மாநிலம் முழுவதும் இருந்தது. அனிதா இறந்த செய்தி அந்தத் தடத்திலேயே ஓடியது. அவர் பெயர் ஹேஷ்டேக் ஆனது. அவர் செய்தியாளர்களிடம் பேசிய காட்சிகள் திரும்பத் திரும்பப் பகிரப்பட்டன. கல்லூரி வாசல்களில் மாணவர்கள் அமர்ந்தனர்.

கிளார்க்கின் மூன்று நிலைகளும் இங்கே தெரிகின்றன. ஊரார், உறவினர், உடன் படித்தவர் என்ற முதல் வட்டம். நீட் எதிர்ப்பு என்ற பொருளைச் சுற்றிய இரண்டாம் வட்டம். தமிழ்ச் சமூக ஊடகம் என்ற பெருவலை மூன்றாவது. 1,176 என்ற எண் விளக்கம் தேவைப்படாத குறியாகிவிட்டது. எண்ணைச் சொன்னாலே யாரைச் சொல்கிறோம் என்பது புரிந்தது.

ஆனால் ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்குப் போகும்போது அவரைக் குறிக்கும் சொல் மாறியது. சில பதிவுகளில் அவர் தமிழ் மாணவி. சிலவற்றில் ஏழை மாணவி. சிலவற்றில் கூலித் தொழிலாளியின் மகள். தலித் இயக்கங்களும் எழுத்தாளர்களும் அவரைத் தலித் மாணவி என்றே குறிப்பிட்டனர். இவை எல்லாமே உண்மைதான். எனினும் தமிழ் மாணவி என்ற சொல் எல்லாரையும் சேர்த்துக்கொண்டது, அதே வேளையில் சாதியைப் பேச்சிலிருந்து விலக்கவும் இடம் தந்தது. பெரிய கூட்டம் ஆதரிக்கவேண்டுமானால் அடையாளத்தின் ஒரு பகுதி மறையவேண்டுமா என்ற கேள்வியை இது எழுப்புகிறது. அனிதாவின் கதையில் மாணவர்கள் ஆராய வேண்டிய இடம் இதுவே.

ஆறாம் படியாகிய வெளியுலக விளைவு மெதுவாகவும் பகுதியாகவுமே வந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023இல் அக்கல்லூரியின் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டது. நீட் தேர்வு தொடர்கிறது.

பொன்பரப்பி, 2019

செந்துறை வட்டத்திலேயே உள்ள மற்றோர் ஊர் பொன்பரப்பி. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் சட்டமன்றத் தொகுதிகளும் அடங்கிய சிதம்பரம் தனி மக்களவைத் தொகுதிக்கு 2019 ஏப்ரல் 18இல் வாக்குப்பதிவு நடந்தது. விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் போட்டியிட்டார். அன்று பொன்பரப்பியில் தெருவில் பானையை உடைத்ததிலிருந்து தகராறு தொடங்கியதாகச் செய்திகள் கூறின. தொடர்ந்து தலித் குடியிருப்பில் பல வீடுகள் தாக்கப்பட்டன. யார் முதலில் தாக்கினார்கள் என்பதில் இரு தரப்பும் வேறு வேறு விவரம் சொல்லின. மறுவாக்குப்பதிவுக் கோரிக்கையும் எழுந்தது. முடிவு வந்தபோது திருமாவளவன் 3,219 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்தார்.

வீடுகள் தாக்கப்படும் காட்சி கைபேசியில் பதிவாகி அன்றே பரவியது. இப்படிப்பட்ட தாக்குதல் பற்றி முன்பெல்லாம் வெளியுலகம் அறிவது காவல்துறைக் குறிப்பு வழியாகவோ, மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும் சிறு செய்தி வழியாகவோதான். பெரும்பாலும் 'இரு தரப்பினரிடையே மோதல்' என்ற தலைப்பில் அது முடிந்துவிடும். இந்தத் தலைப்பு தாக்கியவரையும் தாக்கப்பட்டவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. காணொளி அந்த வசதியைத் தரவில்லை. ஓடுகளும் சுவர்களும் எந்தத் தெருவில் உடைகின்றன என்பதைப் பார்ப்பவர் தாமே கண்டார். கிளார்க் எதிர்க்கதையாடல் என்று சொல்வது இதைத்தான்: அதிகாரமுள்ளோர் சொல்லும் கதைக்கு மாற்றாக, அனுபவித்தவர் தரப்பிலிருந்து வரும் ஆதாரமும் விளக்கமும்.

ஆனால் அதே காணொளி வேறு குழுக்களில் வேறு பொருளோடும் பயணம் செய்யக்கூடும். ஒரு குழுவில் சாட்சியம், மற்றொன்றில் வீரப்பிரதாபம். ஆண்ட பரம்பரைப் பேச்சு ஓடும் குழுக்களிலும் கிளார்க்கின் ஆறு படிகளில் முதல் ஐந்து அப்படியே நடக்கின்றன. தானே முன்வருதல், அடையாளம் காட்டுதல், பங்கேற்றல், ஒப்புதல், மறு உறுதி. ஆகவே படிகளை மட்டும் வைத்து எது நீதி கேட்கும் சமூகம், எது ஆதிக்கம் பேசும் சமூகம் என்று பிரிக்க முடியாது. பிரிக்க உதவுவது வேறொரு கேள்வி: இந்தக் குழுவினர் இணையத்துக்கு வெளியே எதைக் கையில் வைத்திருக்கிறார்கள்? நிலம், தெரு, கோயில், ஊராட்சி ஆகியவற்றில் ஏற்கெனவே பிடிப்புள்ளவருக்கு இணையம் கூடுதல் ஒலிபெருக்கி. இவை எதுவும் இல்லாதவருக்கு அது கிடைத்த ஒரே மேடையாகவும் இருக்கலாம்.

ஒலிப்பதிவின் ஆற்றல்

பொன்பரப்பியில் தாக்குதல் நடந்த அதே நாள்களில், திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில் வேறொன்று நடந்தது. முத்தரையர் சமூகப் பெண்களை இழிவாகப் பேசும் ஒலிப்பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் பரவியது. பெருந்திரளானோர் காவல் நிலையத்தை முற்றுகையிட்டனர், கல்வீச்சு நடந்தது, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு 144 தடையுத்தரவு போடப்பட்டது.

ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் 2018 ஜூலையிலேயே வரம்பு விதித்திருந்தது. அதாவது பொன்னமராவதிப் பதிவு அந்த வரம்புக்குள்ளேயே பரவியது. ஒவ்வொருவரும் ஐந்து குழுக்களுக்கு அனுப்பினால் போதும், ஒரு வட்டம் முழுவதும் சில மணி நேரத்தில் கேட்டுவிடும். பரவலைத் தீர்மானிப்பது பொத்தான் மட்டுமல்ல. நம்மைப் பற்றிப் பேசிவிட்டார்கள் என்ற உணர்வும், ஏற்கெனவே சாதிவாரியாக அமைந்த குழுக்களும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

ஒலிப்பதிவுக்குத் தமிழகத்தில் முன்கதை உண்டு. 2015இல் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொலை வழக்கில் தேடப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டார். 2022 மார்ச்சில் அவருக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. எழுத்தைவிடக் குரலுக்கு நெருக்கம் அதிகம். பேசுபவரின் வட்டார வழக்கே அவர் நம்மவர் என்று சொல்லிவிடும். படிக்கத் தெரியாதவரையும் அது சென்றடையும்.

நிறுவனங்களும் சட்டமும்

வெறுப்புப் பேச்சுக்கு எதிரான விதிகளில் ஃபேஸ்புக் சாதியையும் பாதுகாக்கப்பட்ட அடையாளமாகச் சேர்த்துள்ளது. விதி இருப்பதும் அதைச் செயல்படுத்துவதும் வேறு. தமிழில் ஒரு மண்பானைப் படம் பொங்கல் வாழ்த்தாகவும் இருக்கலாம், தேர்தல் சின்னமாகவும் இருக்கலாம். 2019 ஏப்ரலில் செந்துறை வட்டத்தில் ஓர் உடைந்த பானையின் படம் மிரட்டலாகவும் இருக்கலாம். இதைக் கணினி நிரலோ, தொலைதூர நகரத்தில் அமர்ந்து பதிவுகளைச் சரிபார்ப்பவரோ அறிய வழியில்லை. 2021இல் சர்வதேச தலித் ஒற்றுமை வலையமைப்புக்காக முரளி சண்முகவேலன் எழுதிய அறிக்கை, சாதி வெறுப்புப் பேச்சைத் தனி வகையாகக் கருதி ஆராய்ந்தது.

இந்தியச் சட்டத்தில் 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளது. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதை அது குற்றமாக்குகிறது. இணையத்தில் வெளியிடும் காணொளியும் பொதுப் பார்வைக்கு உட்பட்டதே என்று 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. மூடிய வாட்ஸ்அப் குழுவுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பது ஒவ்வொரு வழக்கின் சூழலைப் பொறுத்தது.

இழிவுபடுத்தியவரைக் கூட்டாகக் கேள்வி கேட்பதை 'ரத்துக் கலாச்சாரம்' என்று குறை சொல்லும் போக்கைப் பற்றியும் கிளார்க் 2020இல் எழுதினார். அதிகாரமில்லாதவர் கணக்குக் கேட்கும்போது, அதிகாரமுள்ளோர் அதற்கு வைக்கும் பெயர் இது என்பது அவர் வாதம். தமிழ்ச் சூழலில், சாதியைக் குறிப்பிட்டுக் கேள்வி கேட்பவரையே சாதி பார்ப்பவர் என்று திருப்பிச் சொல்வது இதற்கு நிகரானது.

மாணவர் ஆய்வுக்குச் சில குறிப்புகள்

தமிழகத்திலும் செய்தித்துறையிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் உள்ளனர். மதுரையில் தி இந்து நாளிதழின் செய்தியாளராக இருந்த கார்த்திகேயன் தாமோதரன், எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றுச் சாதி, நினைவேந்தல், தமிழ்த் திரைப்படம் பற்றி எழுதிவருகிறார். மதுரையைக் களமாகக் கொண்ட திரைப்படங்களில் சாதிப் பெருமை பற்றி அவரும் ஹியூகோ காரிஞ்சும் 2017இல் எழுதிய கட்டுரை இணையக் குறிகளைப் புரிந்துகொள்ளவும் பயன்படும். ஏனெனில் சாதிக் குழுக்களில் பரவும் வசனங்களும் பாடல்களும் பெரும்பாலும் திரைப்படத்திலிருந்தே வருகின்றன.

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டியவை:

தரவு. 2023இல் ட்விட்டர் எக்ஸ் ஆனது. ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைத்த தரவு அணுகலும் அந்த ஆண்டு முடிவுக்கு வந்தது. கோடிக்கணக்கான பதிவுகளை எண்ணும் ஆய்வு இனி எளிதல்ல. சிறு எண்ணிக்கையிலான நேர்காணல்கள் சாத்தியமானவை, பல வேளைகளில் அதிகம் சொல்பவையும்கூட.

ஒப்புதல். ஒரு வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் உறுப்பினர் என்பதால் அங்குள்ள பேச்சை ஆய்வுக்கு எடுக்க உரிமை வந்துவிடாது. ஆய்வு செய்கிறேன் என்று சொல்லி அனுமதி பெறவேண்டும். பெயர், எண், படம் ஆகியவற்றை நீக்கிய பின்னரும், ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் சேர்ந்தால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாதுகாப்பு. சிறிய ஊரில் ஆய்வாளரின் சாதியும் உடனே அறியப்படும். அதனால் சிலர் பேசுவர், சிலர் பேசமாட்டார். யார் பேசவில்லை என்பதையும் ஏன் என்பதையும் குறித்துவைப்பது ஆய்வின் ஒரு பகுதி.

களம். காலனியில் கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறதா, வீட்டில் ஒரே கைபேசி இருந்தால் அது யார் கையில் இருக்கிறது, பெண்கள் குழுக்களில் இருக்கிறார்களா என்பவற்றை ஊருக்குப் போனால்தான் அறியலாம்.

கேள்வி. எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், இதே நிகழ்வை மறுநாள் நாளிதழ் எந்தச் சொற்களில் எழுதியது, காவல்துறைக் குறிப்பு எப்படி எழுதியது, ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடே ஆய்வுப் பொருள்.

குழுமூரும் பொன்பரப்பியும் ஒரே வட்டத்து ஊர்கள். முதல் நிகழ்வில் மாநிலமே ஒரு மாணவியைத் தன்னவள் என்றது. ஒன்றே முக்கால் ஆண்டுக்குள் நடந்த இரண்டாவதில் அதே கைபேசிகளில் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. தொழில்நுட்பம் மாறவில்லை. ஆகவே இணையச் சமூகத்தை ஆராய்பவர் திரைக்கு முன்னால் செலவிடும் நேரத்துக்குக் குறையாமல் அந்த ஊர்களின் தெருக்களிலும் செலவிட வேண்டியிருக்கிறது.